நாலணாவில் ஒரு காண்டாமிருகம்
(பெங்களூர் ஜோகுபாளையம் வளர்கல்வி வகுப்பில் பேசிய பேச்சு)



இன்றைய பேச்சு காசைப் பற்றியது. சீட்டுக் கட்டுவது, பாங்கில் கணக்குத் தொடங்குவது இதெல்லாம் அல்ல. காசை எண்ணுவதை விட்டுவிட்டு, காசைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது பற்றிய பேச்சு இது.

ஜோகுபாளையத்தில் பழைய காசு இல்லாத வீடு அநேகமாக இருக்காது. சாமி மாடத்தில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு இருக்கும். டிரங்குப் பெட்டியின் அடியில் பாட்டியின் சுருக்குப் பை கிடக்கும். அதற்குள் நாலைந்து காசு இருக்கும். தையல் மிஷின் இழுப்பறையில், பிள்ளைகள் உடைத்துப் போட்ட மண் உண்டியலில், எங்காவது இருக்கும். அதையெல்லாம் ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். அதில் வெள்ளையாக, சின்னதாக ஒரு காசு கண்ணில் படும். ஒரு பக்கத்தில் ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம் நிற்கும். அதுதான் இருபத்தைந்து காசு. நம் பேச்சில் நாலணா. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் பேச்சில் நால்காணெ.

அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. அதற்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு 100 புதுக் காசு என்று ஆயிற்று. அதை நயா பைசா என்று சொன்னார்கள். ‘நயா’ என்றால் புதுசு. 1964-இல் அந்த ‘நயா’வையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் போகவே இல்லை. அணாவைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள்கூட நாலணா என்றுதான் சொன்னார்கள்.

காண்டாமிருகம் போட்ட நாலணா 1988-ஆம் ஆண்டு முதல் வந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியதும் அதே 1988-இல், மே 5-ஆம் தேதி. இரண்டும் ஒரே வயது. அந்தக் காலத்தில் கடைத்தெருவில் எழுத்துத் தெரியாதவர்கள் எப்படிக் காசை அடையாளம் கண்டார்கள்? அதே சமயத்தில் வெள்ளையாகப் பத்துக் காசும் வந்தது. இரண்டும் ஒரே உலோகம். பத்துக் காசு சின்னது, நாலணா சற்றுப் பெரியது. விளக்கு வெளிச்சத்தில் அவசரமாகச் சில்லறை வாங்கும்போது சந்தேகம் வந்தால், திருப்பிப் பார்த்தால் போதும். காண்டாமிருகம் இருந்தால் நாலணா. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தப் படமே எழுத்தாக இருந்தது.

இப்போது உங்களுக்கு எழுத்துத் தெரியும். ஆகவே அந்தக் காசைப் படித்துப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் சிங்க முத்திரை இருக்கும். பக்கத்தில் இந்தியில் ‘பாரத்’ என்றும், ஆங்கிலத்தில் ‘இந்தியா’ என்றும் இருக்கும். 25 என்ற எண் இருக்கும். அது உங்களுக்குத் தெரிந்த எண்தான். அச்சடித்த ஆண்டும் இருக்கும். 1988 முதல் 2002 வரை உள்ள ஆண்டுகளில் ஒன்றாக அது இருக்கும்.

ஆண்டு எண்ணுக்குக் கீழே கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கண்ணாடி போட்டவர்கள் போட்டுக்கொண்டு பாருங்கள். அங்கே ஒரு சின்னக் குறி இருக்கலாம். நட்சத்திரம் இருந்தால் அந்தக் காசு ஹைதராபாத் காசுச்சாலையில் அடித்தது. சீட்டுக்கட்டில் வரும் டைமண்ட் மாதிரி சாய்ந்த சதுரம் இருந்தால் மும்பை. உருண்டையாக ஒரு புள்ளி இருந்தால் டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கல்கத்தா. குறி போடாததே அவர்கள் குறி! இன்று உங்கள் சுருக்குப் பையில் இருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகளிலும் இதையே பார்க்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நல்ல பொழுதுபோக்கு.

நாலணாவின் எடை மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. குறுக்களவு 19 மில்லிமீட்டர். இரும்பும் குரோமியமும் கலந்த எவர்சில்வர் வகை உலோகம். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். துருப் பிடிக்காது என்பதால் முப்பது ஆண்டு கழித்தும் காண்டாமிருகத்தின் தோல் மடிப்புக்கூடத் தெரிகிறது.

அந்த மிருகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம் தென்னாட்டுக் காடுகளில் கிடையாது. அதன் பெரிய வீடு அசாம் மாநிலத்தில் உள்ள காசிரங்கா. பிரம்மபுத்திரா ஆற்றின் கரை. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புல், சதுப்பு நிலம், வெள்ளம். கொம்புக்காகச் சுட்டுச் சுட்டு, நூறு ஆண்டுகளுக்கு முன்பு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. பிறகு வேட்டையைத் தடுத்தார்கள். 1974-இல் அது தேசியப் பூங்கா ஆனது. 2022-இல் எடுத்த கணக்குப்படி காசிரங்காவில் 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. இத்தனைக்கும் அந்தக் கொம்பில் எலும்புகூடக் கிடையாது. நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதனால்தான் கொம்பும் ஆனது. அதை மருந்து என்று நம்பி எங்கோ ஒருவர் விலை கொடுக்கிறார். இங்கே ஒரு மிருகம் சாகிறது.

நாலணா மட்டும்தான் விலங்குக் காசு என்று நினைக்க வேண்டாம். இப்போது கையில் இருக்கும் எந்தக் காசை வேண்டுமானாலும் எடுங்கள். சிங்கம் இருக்கிறது அல்லவா? அது அசோகச் சக்கரவர்த்தி சாரநாத்தில் நிறுத்திய தூணின் உச்சி. 1950 ஜனவரி 26-ஆம் தேதி அதை நாட்டின் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். முதுகோடு முதுகு ஒட்டி நான்கு சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. நமக்கு மூன்றுதான் தெரியும். நான்காவது பின்னால் இருக்கிறது. சிங்கங்களின் காலடியில் வட்டமான பீடம் இருக்கிறது. அதைச் சுற்றி யானை, குதிரை, காளை, சிங்கம் என்று நான்கு விலங்குகளைச் செதுக்கியிருக்கிறார்கள். நம் பக்கம் தெரிவது குதிரையும் காளையும். நடுவில் சக்கரம். தேய்ந்த காசில் இது தெரியாது. புதுக் காசை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இந்தச் சிங்கம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது அல்ல, நம் நாட்டுச் சிங்கம். இன்று அது காட்டில் வாழ்வது குஜராத்தில் கிர் காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். 2025-இல் எடுத்த கணக்கில் 891 சிங்கங்கள் இருந்தன.

இன்னும் பழைய காசு உள்ளவர்கள் வீட்டில் புலிக் காசு இருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளிக்குப் பஞ்சம் வந்தது. ஆகவே 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய்களை வெள்ளி இல்லாமல் நிக்கலில் அடித்தார்கள். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் நடந்து போகும் புலி. இதைப் பலர் வெள்ளிக் காசு என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். காந்தத்தைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. நிக்கல் ஒட்டும்.

வெள்ளைக்காரன் போன பிறகு, 1950 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சுதந்திர நாட்டின் சொந்தக் காசுகள் வந்தன. ராஜா தலை இருந்த இடத்தில் சிங்கத் தூண் வந்தது. ரூபாயில் புலி போய்த் தானியக் கதிர் வந்தது. இரண்டணா, ஓரணா, அரையணாக் காசுகளில் திமில் உள்ள காளை. ஒரு பைசாவில் குதிரை. அந்தப் பைசா செம்பு நிறமாக இருக்கும். இரண்டணா சதுரம். ஓரணாவின் விளிம்பு பூவிதழ் மாதிரி நெளிநெளியாக இருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தே எது எந்தக் காசு என்று சொல்லிவிடலாம். இது நல்ல ஏற்பாடு. இன்றைக்கு ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் தடவிப் பார்த்து வித்தியாசம் சொல்வது கண் தெரிந்தவருக்கே கஷ்டம். கண் பார்வை குறைந்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த ஊர்க் கதையையும் சொல்ல வேண்டும். திப்பு சுல்தான் அடித்த செப்புக் காசுகளில் யானை இருக்கும். சில காசில் தும்பிக்கையைத் தொங்கவிட்டிருக்கும். சில காசில் தூக்கியிருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மட்டுமல்ல, பெங்களூரிலும் அவருக்குக் காசுச்சாலை இருந்தது. 1799-இல் திப்பு இறந்த பிறகு மைசூர் ராஜாவின் காசிலும் முதலில் யானைதான் தொடர்ந்தது. பிற்பாடு சிங்கம் வந்தது. தமிழ் நாட்டு ராஜாக்களும் சளைத்தவர்கள் அல்ல. சோழர் காசில் புலி, பாண்டியர் காசில் மீன், பல்லவர் காசில் காளை. பாட்டிமார் கதையில் ‘ஆயிரம் வராகன்’ என்று வரும் அல்லவா? வராகம் என்றால் பன்றி. பன்றி முத்திரை போட்டதால் தங்கக் காசுக்கு அந்தப் பெயர். பிறகு பன்றி போய்ச் சாமி உருவம் வந்தும் பெயர் மாறவில்லை. நம் நாலணா மாதிரித்தான்.

பன்றி என்றதும் இன்னொரு கதை. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய் வந்தது. அவர் போர்த்தியிருந்த அங்கியில் சின்னதாக ஒரு யானை. அச்சு வெட்டியவர் தும்பிக்கையைச் சரியாக வெட்டவில்லை. பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்தது. இஸ்லாமியர்கள் மனம் வருந்திக் கோபப்பட்டார்கள். அரசாங்கம் அவசரமாக அச்சை மாற்றியது. 1912 முதல் வந்த ரூபாயில் தும்பிக்கை தெளிவாகத் தெரியும். ஒரு நெல் அளவுகூட இல்லாத படத்துக்காக ஒரு சாம்ராஜ்யம் அச்சை மாற்ற வேண்டியிருந்தது.

வெளி நாடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு டாலர் காசில் ஐந்து கங்காருக்கள் துள்ளும். கனடாவின் ஐந்து சென்ட்டில் நீர்நாய் மாதிரி ஆற்றில் அணை கட்டும் பீவர் என்ற பிராணி. சிங்கப்பூரில் 1967-இல் வந்த பத்து சென்ட்டில் கடல்குதிரை இருந்தது. அங்கே வேலைக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கும். எந்த நாட்டுக்காரரும் தன் மண்ணில் உள்ள பிராணியைத்தான் காசில் போட்டுப் பெருமைப்படுகிறார்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வரலாம்.

இப்படி வைத்துக்கொள்வோம். அல்சூர் மார்க்கெட்டில் பூ விற்கும் ஓர் அம்மா. மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறார். ஒரு நாள் மகன் செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டுகிறான். ‘உங்களிடம் காண்டாமிருகக் காசு இருக்கிறதா? பல லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம்’ என்று இருக்கிறது. அம்மாவிடம் சுருக்குப் பையில் ஏழு காசு இருக்கிறது. ஏழு பெருக்கல் பல லட்சம்! அன்று இரவு தூக்கம் வருமா?

மறுநாள் மகன் போன் போடுகிறான். அந்தப் பக்கம் பேசுகிறவர் மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். ‘அம்மா’ என்கிறார். காசைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். ‘ஆகா, இது அபூர்வமான காசு’ என்கிறார். பிறகு ஆதார் கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் ஒன்று செல்போனுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். மீதியை எங்கள் ஆள் கையில் கொண்டுவந்து தருவார்’ என்கிறார்கள். கட்டினால், மறுநாள் வரி என்கிறார்கள். அடுத்த நாள் வண்டிச் செலவு என்கிறார்கள். அதற்கும் அடுத்த நாள், ‘இவ்வளவு கட்டிவிட்டீர்கள், இன்னும் கொஞ்சம் கட்டினால் முழுப் பணமும் வரும், நிறுத்தினால் எல்லாம் போய்விடும்’ என்கிறார்கள். கடைசியில் போனே எடுப்பதில்லை. கடன் மேல் கடன். சுருக்குப் பையில் காசு ஏழும் அப்படியே இருக்கிறது.

பூக்காரம்மா கற்பனைதான். ஏமாற்று வேலை கற்பனை அல்ல. இது நாடு முழுக்க நடந்து, 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய நோட்டு, பழைய காசு வாங்கும் விற்கும் வேலையில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று சொன்னது. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ தான் கேட்பது இல்லை என்றும், தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்றும் சொன்னது. ஆகவே முத்திரை போட்ட கடிதம் வந்தால் அந்தக் கடிதம் பொய். சந்தேகமே வேண்டாம்.

யோசித்தும் பார்க்கலாம். காண்டாமிருக நாலணாவைப் பதினைந்து ஆண்டுகள் அடித்தார்கள். நான்கு ஊர்க் காசுச்சாலைகள் வேலை செய்தன. நாடு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் அது புழங்கியது. ஊரெல்லாம் கிடைக்கும் பொருளுக்கு லட்சம் யார் கொடுப்பார்? காசு சேர்ப்பவர்கள் கடையில் சாதாரண நாலணா பெரும்பாலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். புதுசு மாதிரி தேயாமல் இருந்தால் கொஞ்சம் கூட வரும். நம்மிடம் வாங்க வருகிறவர் பணம் தர வேண்டும். நம்மிடமே பணம் கேட்டால் அவர் வாங்க வந்தவர் அல்ல. யாராவது ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாடு முழுக்க ஒரே எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பிறகு பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுங்கள். எழுதத்தான் இப்போது தெரியுமே.

நாலணாவைக் கடையில் கொடுத்தால் வாங்குவார்களா என்று கேட்பீர்கள். வாங்க மாட்டார்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதி முதல் இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ள எல்லாக் காசும் செல்லாது. அதற்கு முந்திய நாள் வரை பாங்குகளில் மாற்றிக் கொடுத்தார்கள். விஷயம் தெரியாத பலர் மாற்றவில்லை. பேப்பர் படிக்கத் தெரிந்தவருக்குத் தெரிந்தது, தெரியாதவர் பெட்டியில் காசு தங்கிவிட்டது. ஐம்பது காசு அப்படி அல்ல. அது சட்டப்படி இன்றும் செல்லும். கடைக்காரர் வாங்க மறுப்பது வேறு, அரசாங்கம் செல்லாது என்பது வேறு.

ஆக, நாலணாவுக்குக் கடையிலும் மதிப்பு இல்லை, லட்சமும் வராது. பிறகு எதற்கு வைத்திருப்பது? பாட்டி பூ விற்றுச் சேர்த்த காசு அது. தாத்தா மில் வேலையில் வாங்கிய கூலியில் மிஞ்சியது அது. ஒரு டீ, ஒரு பஸ் டிக்கெட், ஒரு மிட்டாய் வாங்கியது அது. பேரப்பிள்ளைக்குக் காட்ட வேறு என்ன இருக்கிறது? வீடு மாறும்போதெல்லாம் போட்டோ தொலைந்திருக்கும். காசு தொலையாது.

வைத்திருப்பது என்று முடிவு செய்தால், ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். இதில்தான் நல்ல மனசோடு பெரிய தப்பு நடக்கிறது. பழைய காசு கிடைத்ததும் முதல் வேலையாகப் புளி போட்டுத் துலக்குகிறார்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற கை சும்மா இருக்காது. சிலர் எலுமிச்சம்பழம், சிலர் சாம்பல், சிலர் பல் விளக்கும் பேஸ்ட். காசு பளபளவென்று ஆகும். அத்தோடு காசு கெட்டது. செப்புக் காசின் மேல் இருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. பல வருடம் காற்றுப் பட்டுப் பட்டு உண்டான தோல். அது உள்ளே இருக்கும் செம்பைக் காக்கிறது. புளியின் புளிப்பு அந்தத் தோலைத் தின்றுவிடும். சாம்பலும் பவுடரும் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும். குதிரையின் பிடரி மயிர், காளையின் திமில், புலியின் கோடு எல்லாம் வழவழவென்று தேய்ந்து போகும். காசு வாங்குகிறவர்களும் துலக்கிய காசைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். விலை பாதிகூட வராது.

மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் என்ன செய்வது? ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறப் போடுங்கள். ரொம்பப் பிசுக்காக இருந்தால் குழந்தைக் குளியல் சோப்பு ஒரு துளி கரைத்துக்கொள்ளலாம். காலையில் நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தி வேட்டித் துணியில் வைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் செய்த வேலை வீண். எவர்சில்வர் நாலணாவுக்கு இவ்வளவு போதும்.

காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள். நம் கையில் வியர்வை உண்டு, வியர்வையில் உப்பு உண்டு. நடுவில் பிடித்தால் சில மாதம் கழித்துக் கைரேகை கறுப்பாகக் காசின் மேல் தெரியும். பார்க்கும்போது கீழே ஒரு துணி விரித்துக்கொள்வது நல்லது. சிமெண்ட் தரையில் விழுந்தால் விளிம்பு நசுங்கும்.

எதில் போட்டு வைப்பது? மெத்தென்று வளையும், ஒரு மாதிரி வாசனை அடிக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளாக நாளாக அது கசிந்து, காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டாம். அதில் இருக்கும் கந்தகம் காசைக் கறுப்பாக்கும். செல்லோடேப் ஒட்டவே கூடாது. ஒட்டிய கோந்து போகாது. வெள்ளைத் தாளை மடித்துச் சின்ன உறை செய்துகொள்ளுங்கள். ஓர் உறைக்கு ஒரு காசு. அலுமினியக் காசையும் செப்புக் காசையும் ஒன்றாகப் போட வேண்டாம். ஈரம் பட்டால் ஒன்றை ஒன்று அரிக்கும். உறைகளை மூடியுள்ள டப்பாவில் அடுக்கி, சுவரை ஒட்டாமல் பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். மழைக் காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் சுவர் எப்படி ஓதம் எடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புதுச் செருப்பு டப்பாவில் ஈரம் இழுக்கும் மணிப் பொட்டலம் ஒன்று வரும். அதைத் தூக்கிப் போடாமல் காசு டப்பாவில் போடலாம். பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காசும் அப்படித்தான். சின்னப் பிள்ளை காசை விழுங்கிவிட்டால் விரலை விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். வாழைப்பழம் ஊட்டிக் காத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாமிக்கு முடிந்து வைத்த காசு இருக்கிறதே, மஞ்சள் துணியில் இருந்தால் அதுவும் நிறம் மாறும். அதை அவிழ்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு விஷயம். அதில் யாரும் தலையிடக் கூடாது.

காசு பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது. அதன் கதையும் பத்திரமாக இருக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்ன காசு, எந்த ஆண்டு, என்ன விலங்கு, காந்தம் பிடிக்கிறதா, காசுச்சாலைக் குறி என்ன, யாரிடமிருந்து வந்தது. உறையின் மேல் பென்சிலால் ஓர் எண் போட்டு, அதே எண்ணை நோட்டிலும் போடுங்கள். பேனா மை பரவும். ஆகவே பென்சில். கடைசிக் கட்டம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ‘அத்தை கொடுத்தது, வேலூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது’ என்று எழுதினால், அந்த நாலணா அந்த வீட்டு நாலணா ஆகிவிடும். இதை நீங்கள் எழுதாவிட்டால் உங்களுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது.

விலங்குக் காசு புதுசாக வருகிறதா என்றால், புழக்கத்தில் சிங்க முத்திரையைத் தவிர வேறு இல்லை. நினைவுக் காசு வந்திருக்கிறது. புலிகளைக் காக்கும் திட்டம் 1973 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட காடுகளில் நம் மாநிலத்துப் பந்திப்பூரும் ஒன்று. அதற்கு ஐம்பது ஆண்டு ஆனதற்காக 2023 ஏப்ரல் 9-ஆம் தேதி மைசூரில் ஐம்பது ரூபாய்க் காசு ஒன்றை வெளியிட்டார்கள். அதைக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்குவதற்காக அடிக்கவில்லை. சேர்ப்பவர்கள் காசுச்சாலைக்குப் பணம் கட்டி வாங்குவார்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம். காசை உருக்கக் கூடாது. 2011-இல் வந்த நாணயச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இன்னொன்று, வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது பானையில் பழங்காசு கிடைத்தால் அது தோண்டியவர் சொத்து ஆகிவிடாது. தாசில்தார் மூலமாகக் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒளித்து வைத்தால் வம்பு. சொன்னால், அது எந்த ராஜா காசு என்று படித்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

கடைசியாக, செல்லாத நாலணாவைக் கோயில் உண்டியலில் போடலாமா என்று பலரும் கேட்கிற கேள்வி. போடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கோயிலிலும் அதை பாங்கு வாங்காது. எண்ணுகிறவர்கள் தனியே ஒதுக்கி மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். சாமிக்குச் செல்லும் காசாக ஒரு ரூபாய் போடுங்கள். காண்டாமிருகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், நோட்டில் முதல் வரியில் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது நோட்டையும், வீட்டில் இருந்தால் ஒரு காந்தத்தையும் கொண்டுவாருங்கள்.